பாட்டை விழுங்கிய பெட்டி

காருக்குப் புதிதாக ஒரு ஸ்டீரியோ வாங்கியாயிற்று. பளபளவென்ற கண்ணாடித் திரை. விரலை வைத்தால் ஊர் வரைபடம் வருகிறது. தள்ளினால் பாட்டுப் பட்டியல் ஓடுகிறது. கடைக்காரர் பழைய செட்டைக் கழற்றினார். புதியதைப் பொருத்தினார். சாவியைத் திருப்பினார். திரை எரிந்தது. பாட்டின் பெயர் வந்தது. விநாடிகள்கூட ஓடின. ஆனால் பாட்டு மட்டும் வரவில்லை!

சப்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். பத்து, இருபது, முப்பது என்று எண் ஏறியதே தவிர ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

"என்ன தம்பி, பொம்மை ஆடுது, வாய் பேசலையே?" என்றார் காரின் சொந்தக்காரர்.

"செட்டு நல்ல செட்டுங்க ஐயா. வண்டியிலதான் ஏதோ இருக்குது" என்றார் கடைக்காரர்.

இருவர் சொன்னதும் உண்மை. வண்டியில் ஏதோ இருக்கத்தான் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

இது நடந்தது கடத்தூரில். தர்மபுரி மாவட்டத்தில், மொரப்பூர், பொம்மிடி ரயில் நிலையங்களுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கிறதே, அந்தக் கடத்தூர்தான். வெற்றிலைக்குப் பெயர் போன வட்டாரம். சொந்தக்காரரும் வெற்றிலை வியாபாரிதான். வயது அறுபதைத் தாண்டியவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், ஐந்தாறு வருஷம் ஓடிய கார் ஒன்றை அங்கேயே வாங்கிக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார். இப்படிப் பெரிய நகரத்தில் ஓடிய உயர் ரகக் கார்கள் கைமாறிச் சிற்றூர்களுக்கு வருவது இப்போது சகஜம். வாங்குகிறபோது என்ஜினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், ஏ.ஸி. குளிர்கிறதா என்று முகத்தை நீட்டிப் பார்ப்பார்கள். பாட்டு எந்த வழியாக வருகிறது என்று யார் பார்க்கிறார்கள்? பழைய செட்டின் திரை செத்துப்போன பிறகுதான் அந்தக் கேள்வியே பிறக்கிறது.

ஒளிந்திருக்கும் ஆசாமி

விஷயம் இதுதான். சாதாரணக் கார்களில் பாட்டுப் பெட்டி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபையர் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பெட்டியின் முதுகிலிருந்து நாலு ஜோடி ஒயர் புறப்பட்டு நாலு கதவுக்கும் போகும். பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் வேலை முடிந்தது. அரைமணி நேர வேலை.

விலை கூடிய கார்களில் அப்படியில்லை. டாஷ்போர்டில் நாம் பார்க்கிற பெட்டி பாட்டைத் தேர்ந்தெடுத்துச் சன்னமான மின்துடிப்பாக அனுப்புவதோடு சரி. அதைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்க வேறொரு பெட்டி தனியாக உண்டு. அது டிரைவர் ஸீட்டுக்கு அடியில் இருக்கலாம். டிக்கியின் பக்கச் சுவருக்குள் இருக்கலாம். முன் பக்கம் கால் வைக்கிற இடத்தில் பிளாஸ்டிக் தகட்டின் பின்னால் இருக்கலாம். விளக்கு கிடையாது, பொத்தான் கிடையாது. காரைப் பத்து வருஷம் ஓட்டியவருக்குக்கூட அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் போகலாம்.

மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட் கட்டுகிறவரைக் கேட்டால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். பாட்டுப் போடும் சாதனம் ஒன்று, ஆம்ப்ளிபையர் ஒன்று, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று. நடுவில் உள்ள ஆம்ப்ளிபையரின் ஸ்விட்சைப் போடாமல் பாட்டை மட்டும் போட்டுவிட்டு, "ஊருக்கே கேட்கிறதா?" என்றால் எப்படி இருக்கும்? கடத்தூரில் நடந்தது அதுவேதான்.

காரில் உள்ள ஆம்ப்ளிபையருக்கு ஸ்விட்ச் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அதை எழுப்பிவிடுவது பாட்டுப் பெட்டியின் வேலை. பெட்டி உயிர் பெற்றதும் ஒரு தனி ஒயரில் 12 வோல்ட் அனுப்பும். அதைக் கண்டதும் ஆம்ப்ளிபையர் விழித்துக்கொள்ளும். புதிய செட்டுகளிலும் இதற்கென்று ஓர் ஒயர் உண்டு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கடைகளில் இதை 'ரிமோட் ஒயர்' என்பார்கள். 'இது எதற்கு, வேண்டாத ஒயர்' என்று டேப் சுற்றி மூட்டை கட்டிவிடுவதும் உண்டு! அப்புறம் ஆம்ப்ளிபையர் எப்படி விழிக்கும்?

இன்னும் சில கார்களில் எழுப்புவதற்கு ஒயர்கூட இல்லை. காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரகசிய பாஷை ஒன்று உண்டு. அந்தப் பாஷையில் உத்தரவு வந்தால்தான் ஆம்ப்ளிபையர் எழும். வெளிக்கடையில் வாங்கிய செட்டுக்கு அந்தப் பாஷை எப்படித் தெரியும்?

வங்காளியின் மகன் செய்த வேலை

காரில் ரேடியோ வைத்து வியாபாரத்தில் முதலில் வெற்றி கண்டவர்களில் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் முக்கியமானவர்கள். 1930-ம் ஆண்டு பால் கால்வின் தம் காரில் ரேடியோ பொருத்தி, அட்லாண்டிக் ஸிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மகாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போடக் காசில்லை. வாசலில் காரை நிறுத்திப் பாட்டை வைத்தார். 'மோட்டோரோலா' என்று அந்த ரேடியோவுக்குப் பெயர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கடன் கேட்கப் போன பாங்கிக்காரரை மகிழ்விக்க அவருடைய காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தாராம். அரைமணி நேரத்தில் கார் தீப்பற்றிக்கொண்டதாம்! கடன் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? கதை எவ்வளவு தூரம் நிஜமோ, காரில் ஒயரை அவசரப்பட்டு இணைத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் இன்றைக்கும் நிஜம். அதைப் பிறகு பார்ப்போம்.

தனி ஆம்ப்ளிபையர் வைத்து, ஸ்பீக்கரையும் அந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்யும் முறையைப் பிரபலமாக்கிய பெருமை அமர் கோபால் போஸ் என்பவரைச் சேரும். இவருடைய தகப்பனார் வங்காளத்துச் சுதந்திரப் போராட்டக்காரர். வெள்ளைக்காரப் போலீஸிடமிருந்து தப்பி 1920-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். மகன் அமர் 1929-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தது. பள்ளிக்கூடப் பையனான அமர், வீட்டின் கீழ்த்தளத்தில் ரேடியோ ரிப்பேர் செய்து சம்பாதித்தார். பின்னால் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கலாசாலையில் பேராசிரியரானார். 1964-ல் தம் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். 1983-ம் வருஷத்து மாடலாக ஜெனரல் மோட்டார்ஸின் காடில்லாக் முதலிய கார்களில் அவருடைய சாதனம் வந்தது. அதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பக்கத்திலேயே ஒரு தனி ஆம்ப்ளிபையர் இருந்தது. நாலு ஸ்பீக்கர் என்றால் நாலு ஆம்ப்ளிபையர்!

2013-ல் அவர் காலமானார். அவருடைய வழியைப் பின்பற்றாத கார்க் கம்பெனி இன்றைக்கு அபூர்வம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய் கம்பெனிகூட, 2020-ல் வந்த கிரெட்டாவின் உயர் ரகங்களில் போஸ் கம்பெனியின் எட்டு ஸ்பீக்கர் ஏற்பாட்டைக் கொடுத்தது. ஆக, இது சீமைச் சமாசாரம் அல்ல. நம் ஊரில் செய்து, நம் ஊர் ரோட்டில் ஓடும் வண்டிகளின் சமாசாரம்.

ஐம்பது வாட் கணக்கு

'செட்டிலேயே ஐம்பது வாட் இருக்கிறதே, அப்புறம் தனி ஆம்ப்ளிபையர் எதற்கு?' என்று கேட்கலாம். கடையில் விற்கும் செட்டின் அட்டைப்பெட்டி மேலே '50 வாட் × 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது வாஸ்தவம். அந்த ஐம்பது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

என்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 207. நாலால் வகுத்தால் ஏறக்குறைய 52. இதுதான் அட்டைப்பெட்டி ஐம்பது! ஆனால் இது பாட்டே அல்லாத, உச்சத்திலேயே தட்டையாக நிற்கும் ஓர் அலையின் கணக்கு. சுத்தமான ஒலி அலைக்கு அதில் பாதிதான் தேறும்: 26. உள்ளே நஷ்டமாகிறதையும் கழித்தால் இருபது வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காரின் பாட்டரியை நேரே நம்பியிருக்கும் சின்னஞ்சிறு சில்லு ஒன்றால் இதற்கு மேல் முடியாது.

கார்க் கம்பெனியின் என்ஜினீயர் ஒரு தந்திரம் செய்கிறார். வோல்ட்டைக் கூட்ட முடியாவிட்டால் ஓமைக் குறைக்கலாமே! ஸ்பீக்கரை 2 ஓமில் செய்தால் அதே வோல்ட்டில் இரட்டை மடங்கு வாட் கிடைக்கிறது. சில கார்களில் 2 ஓமுக்கும் கீழே போயிருக்கிறார்கள். அதைத் தாங்குகிற மாதிரி ஆம்ப்ளிபையரைத் தனியாக, பெரிய அலுமினியத் தகட்டோடு செய்து, ஸீட்டுக்கு அடியில் வைக்கிறார். அதுமட்டுமா? எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஸ்வரம் போகவேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும் அந்தப் பெட்டியின் வேலைதான். கதவில் உள்ள பெரிய ஸ்பீக்கருக்குத் தவில். கண்ணாடி ஓரத்தில் உள்ள சுண்டைக்காய் அளவு ட்வீட்டருக்குத் தாளம், சலங்கை. இந்தப் பங்கீடு சரியாக நடப்பதால்தான் அந்தச் சிறு ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரப்போகிற விபத்துகள் எல்லாம் இதை மறந்ததால் வருபவை.

இருக்கிறதா, இல்லையா?

காரில் தனி ஆம்ப்ளிபையர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஸ்பீக்கரின் வலைமூடியில் ஏதாவது ஒலிக் கம்பெனியின் பெயர்ப்பட்டை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் உண்டு. டிக்கியில் ஒரு வூபர் இருந்தாலும் சந்தேகப்படலாம்.

நிச்சயமாகத் தெரியவேண்டுமானால், முந்நூறு நானூறு ரூபாய் மீட்டர் ஒன்று போதும். பழைய செட்டைக் கழற்றியதும் அதன் முதுகில் சொருகியிருந்த கப்ளரை எடுத்து, ஒரு ஸ்பீக்கர் ஜோடியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்து ஓம் பார்க்கவேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் நேராக இணைந்திருந்தால் மூன்றிலிருந்து நாலுக்குள் காட்டும். நூற்றுக் கணக்கில், ஆயிரக் கணக்கில் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாமல் இருந்தாலோ, நடுவில் ஆசாமி உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

கடத்தூர்க் கடையில் இந்தச் சோதனையைச் செய்ய மூன்றாவது நாள்தான் தோன்றியது. அதற்குள் செட்டை ஒரு தடவை தர்மபுரிக்கு அனுப்பி, 'நன்றாக இருக்கிறது' என்ற சர்ட்டிபிகேட்டோடு திரும்பவும் வாங்கியாகிவிட்டது! மீட்டர் வைத்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. டிரைவர் ஸீட்டைப் பின்னுக்குத் தள்ளி, விரிப்பைத் தூக்கினார்கள். கையகலக் கறுப்புப் பெட்டி ஒன்று, இரண்டு கப்ளர்களோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எழுப்புவதா, விலக்குவதா?

இப்போது இரண்டு வழி. ஒன்று, அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு புதிய செட்டோடு சமரசம் செய்துவைப்பது. மற்றொன்று, அதை விலக்கிவிட்டுப் பாட்டை வேறு வழியில் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது.

சமரசம் சாத்தியமானால் அதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். சாதாரண ஒயரில் பாட்டை வாங்கும் ஆம்ப்ளிபையர் என்றால் ரிமோட் ஒயரைக் கொடுத்து, பாட்டையும் அது எதிர்பார்க்கிற சன்னமான அளவில் கொடுத்தால் போதும். அளவு முக்கியம். செட்டின் ஸ்பீக்கர் முனையிலிருந்து வரும் பெரிய மின்துடிப்பை அப்படியே ஆம்ப்ளிபையரின் வாயில் ஊற்றினால் பாட்டு கரகரக்கும். சில சமயம் பெட்டியும் கெடும். இதற்கென்று இடையில் பொருத்தும் அடாப்டர்கள் விற்கிறார்கள். காரின் பெயர், மாடல், வருஷம் மூன்றையும் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். 'எல்லாக் காருக்கும் சேரும்' என்று சொல்லி விற்பதை வாங்கினால், எந்தக் காருக்கும் சேராமல் போனாலும் போகும்.

பாட்டையே எண்களாக மாற்றி அனுப்பும் கார்கள் உண்டு. சில ஜெர்மன் கார்களில் கண்ணாடி இழை போன்ற நூலில் வெளிச்சமாகவே பாட்டு போகிறது! அந்த நூலில் சாதாரண செட்டைக் கட்ட வழியே கிடையாது. அங்கேயும், ஆம்ப்ளிபையரே கெட்டுப்போய் மாற்றுப் பெட்டியின் விலையைக் கேட்டு மயக்கம் வரும் இடத்திலும், விலக்கத்தான் வேண்டியிருக்கும்.

கடத்தூர்க் கடைக்காரர் இரண்டாவது வழியையே பிடித்தார். அடாப்டருக்குச் சென்னைக்கு எழுதி வரவழைக்கப் பொறுமை இல்லை. ஆம்ப்ளிபையரின் கப்ளர்களைக் கழற்றினார். பாட்டு உள்ளே வரும் ஒயர்களை, ஸ்பீக்கருக்கு வெளியே போகும் ஒயர்களோடு ஜோடி பார்த்து இணைத்தார். நடுவில் இருந்தவரை நீக்கிவிட்டு இரு கட்சிகளையும் நேரே பேசவைத்த மாதிரி. சாவியைத் திருப்பியதும் நாலு கதவிலிருந்தும் பாட்டு பிறந்தது. பெரியவருக்குப் பரம திருப்தி.

திருப்தி இருபது நிமிஷம் நீடித்தது. பொம்மிடி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே பாட்டு விட்டு விட்டு வந்து, பிறகு நின்றுவிட்டது. செட்டைத் தொட்டால் தோசைக்கல். ஆறவிட்டால் மறுபடியும் பாடுகிறது. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் மௌன விரதம். போதாக்குறைக்கு இடது பக்கத்து ட்வீட்டர் நிரந்தரமாகவே கண்ணை மூடிவிட்டது.

என்ன நடந்தது?

மேலே சொன்ன ஓம் கணக்குத்தான். கதவு ஸ்பீக்கரின் முனையில் மீட்டரை வைத்தபோது 1.8 காட்டியது. 2 ஓம் ஸ்பீக்கர்! செட்டு 4 ஓமுக்குச் செய்தது. பாதித் தடை என்றால் இரட்டை மடங்கு மின்சாரம் பாயும். உள்ளே இருக்கும் சில்லு சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நிறுத்திக்கொள்கிறது. நல்ல செட்டானதால் நிறுத்திக்கொண்டது. மட்டமான செட்டாக இருந்தால் புகைந்திருக்கும்.

ட்வீட்டரின் கதை வேறு. அதுவரை பங்கீடு செய்துகொடுத்த பெட்டி இப்போது இல்லை. தவிலும் தாளமும் எல்லாமாகச் சேர்ந்து அந்தச் சுண்டைக்காயின் தலையில் விழுந்தன. அதன் மயிரிழைக் கம்பி அறுந்துவிட்டது. ட்வீட்டரோடு தொடராக ஒரு கப்பாஸிடரைப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். 4 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோபாரட் கப்பாஸிடர் போட்டால், சுமார் 8,500 துடிப்புகளுக்குக் கீழே உள்ள ஒலி படிப்படியாகக் குறைந்துவிடும். நேர், எதிர் முனை இல்லாத ரகமாகக் கேட்டு வாங்கவேண்டும். விலை சில ரூபாய்கள். அந்தச் சில ரூபாய் மிச்சத்தில் ஒரு ட்வீட்டர் போயிற்று.

கடைசியில் செய்தது இதுதான். முன் கதவு இரண்டிலும் பழைய ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, 4 ஓம் ஸ்பீக்கரும் ட்வீட்டரும், ஒலியைப் பிரிக்கும் சிறு டப்பாவும் சேர்ந்தே வரும் ஒரு ஜோடி செட்டைப் போட்டார்கள். செட்டிலிருந்து கதவுக்குப் புதிய ஒயர் இழுத்தார்கள். பின் கதவு ஸ்பீக்கர்களை இணைக்காமலே விட்டுவிட்டார்கள். வண்டியில் போகிறவர் பெரியவரும் ஒரு டிரைவரும். பின்னால் இருப்பது வெற்றிலைக் கூடை. கூடைக்குப் பாட்டு எதற்கு? இந்த யோசனை என்னவோ பெரியவருடையது. எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

பழைய ஸ்பீக்கரையே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு. 2 ஓமைத் தாங்கும் என்று எழுத்திலேயே குறிப்பிட்டிருக்கும் ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்கி, பழைய பெட்டி இருந்த இடத்திலேயே வைக்கலாம். செலவு கூடும். ஆனால் கதவைப் பிரிக்கிற வேலை இல்லை.

கருப்பு ஒயரும் காரின் உடம்பும்

பழைய கால ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு முனையைக் காரின் இரும்பு உடம்போடு 'எர்த்' செய்வது வழக்கம். அந்தக் காலத்துக் கை இன்றைக்கும் சிலரிடம் இருக்கிறது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்சாரம் துடிக்கிறது. எதிர் முனை என்று கருப்புக் கோடு போட்ட ஒயரைக் காரின் உடம்பில் தொட்டால் செட்டின் சில்லு போய்விடும். இரண்டு ஸ்பீக்கரின் எதிர் முனைகளை ஒன்றாகக் கட்டுவதும் அதே பாபம்தான்.

நிறங்களைத் தெரிந்துகொள்வது சுலபம். வெளிக்கடைச் செட்டுகளில் பெரும்பாலும் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கருப்புக் கோடு இருந்தால் எதிர் முனை. மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ளது. சிவப்பு சாவி போட்டால் வருவது. முழுக் கருப்பு எர்த். காரின் சொந்த ஒயர்களின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிறம் ஒத்துப்போகிறதே என்று இணைத்துவிடக் கூடாது.

ஸ்பீக்கர் முனையில் எது நேர், எது எதிர் என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பென்ஸில் ஸெல் ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளியே தள்ளினால் ஸெல்லின் நேர் முனை தொட்டதுதான் ஸ்பீக்கரின் நேர் முனை. கதவு ஸ்பீக்கருக்கு மட்டும் இந்தச் சோதனை, ட்வீட்டரில் வேண்டாம். இரண்டு கதவில் ஒன்று மாறியிருந்தால் பாட்டு வரும். தவில் மட்டும் காணாமல் போகும். 'செட்டில் பேஸ் இல்லை' என்று கம்பெனியைத் திட்டுகிறவர்கள் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

புதிய ஆம்ப்ளிபையருக்குப் பாட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுக்கிறவர்கள் இன்னொன்று கவனிக்கவேண்டும். பியூஸ் ஆம்ப்ளிபையரின் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. பாட்டரிக்கு ஒன்றரை அடி தூரத்துக்குள் ஒன்று இருந்தே தீரவேண்டும். பியூஸ் ஆம்ப்ளிபையருக்காக அல்ல, ஒயருக்காக! என்ஜின் பக்கத்திலிருந்து இரும்புத் தகட்டைத் துளைத்து உள்ளே வரும் ஒயர், துளையின் ஓரத்தில் உரசி உரசித் தோல் போய் இரும்பைத் தொட்டால், பாட்டரியின் முழுப் பலமும் அந்த இடத்தில் கொட்டும். நடுவில் பியூஸ் இல்லாவிட்டால் ஒயர் பழுத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பஞ்சும் பிளாஸ்டிக்கும் பற்றிக்கொள்ளும். துளைக்கு ரப்பர் வளையம் போடாமல் ஒயர் இழுக்கிற கடையில் வேலையை நிறுத்தச் சொல்லிவிடலாம்.

ஸீட்டுக்கு அடியில் கை விடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் அது காற்றுப் பையினுடையது. மோதல் நேர்ந்தால் வெடித்து விரிந்து உயிரைக் காப்பது. அதில் சோதனை விளக்கை வைத்துப் பார்ப்பது, வெடிமருந்துக் கிடங்கில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது போல. வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷங்கள் பொறுத்திருக்கவேண்டும். மின்சாரக் காராக இருந்தால் ஆரஞ்சு நிற ஒயரின் பக்கமே போகவேண்டாம்.

மணி அடிக்காத கார்

ஆம்ப்ளிபையரை விலக்கியதும் பாட்டு மட்டும்தான் மாறும் என்று நினைக்கக் கூடாது. சில கார்களில், பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி, பின்னால் போகும்போது சுவர் நெருங்கினால் 'பீப் பீப்' என்னும் எச்சரிக்கை, இண்டிகேட்டரின் டக் டக் சப்தம், எல்லாமே அந்த ஆம்ப்ளிபையர் வழியாகவே ஸ்பீக்கருக்கு வருகின்றன. பெட்டியை எடுத்தால் அவையும் ஊமையாகிவிடும். வேலை முடிந்ததும், காரை எடுத்துப் போகுமுன், பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கவேண்டும்; ரிவர்ஸ் போட்டுப் பார்க்கவேண்டும்; போனில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கவேண்டும். ஸ்டீரிங்கில் உள்ள பொத்தான்களையும் ஒரு முறை அழுத்தவேண்டும்.

புதுக் கார் வைத்திருக்கிறவர்கள் அவசரப்படவே கூடாது. அண்மையில் வந்த பல கார்களில் திரை என்பது வெறும் பாட்டுப் பெட்டி அல்ல, ஏ.ஸி.யும் காமிராவும் வண்டியின் பல அமைப்புகளும் அதற்குள்ளே இருக்கின்றன. அதைக் கழற்றிவிட்டு வேறு வைப்பது வீட்டுக் கூடத்தைக் கழற்றிவிட்டுத் திண்ணையை நடுவில் வைக்கிற மாதிரி. அந்தக் கார்களில் திரையை விட்டுவிட்டு, ஆம்ப்ளிபையரிலிருந்து ஸ்பீக்கருக்கு வரும் ஒலியை எடுத்துத் திருத்திப் பெருக்கும் கருவிகளைப் பொருத்துகிறார்கள். வாரண்டி இருக்கும்போது ஒயரை வெட்டினால், அந்த வெட்டு காரணமாக வரும் கோளாறுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

வெட்டாமல் செய்ய முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியும். காரின் கப்ளருக்கு இணையான எதிர்க் கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. ஒருபுறம் அதையும் மறுபுறம் புதிய செட்டின் ஒயரையும் வெளியே மேஜையில் வைத்தே பற்றவைத்துக்கொண்டு, காரில் சொருகுகிற வேலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலும் இன்சுலேஷன் டேப்பும் மட்டுமே கருவியாக உள்ள கடையில் இதை எதிர்பார்க்க முடியாது. சித்திரை வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை உருகி, சுற்று தானே பிரிந்துவிடும். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினால் வருஷக் கணக்கில் நிற்கும்.

கழற்றிய ஆம்ப்ளிபையரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவேண்டாம். செத்த திரையோடு வந்த கார்களில், ஆம்ப்ளிபையர் அனேகமாக நல்ல நிலையில்தான் இருக்கும். எந்தக் கப்ளர் எங்கே என்று ஒரு சீட்டில் எழுதி, அதோடு சேர்த்து ஒரு துணிப்பையில் கட்டி டிக்கியின் மூலையில் வைத்துவிட்டால், நாளைக்கு அதே கார் இன்னொருவர் கைக்குப் போகும்போது அவருக்குப் பாதி வேலை மிச்சம்.